கண்டெய்னருக்குள் ஒன்பதரை மணி

பள்ளிக்கரணையில் மழை வானத்திலிருந்து விழுவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் விழுந்துவிடும். வங்காள விரிகுடாவில் ஒரு மேகம் புரண்டு படுத்தால் போதும், ஜெயப்ரியா குடியிருக்கும் தெருவின் குழுவில் எச்சரிக்கைப் படங்களும் கை கூப்பும் பொம்மைகளும் வந்து குவியும். கார்த்திகை அமாவாசையை ஒட்டிக் கிளம்பிய அந்தப் புயல் சின்னத்துக்கும் அப்படித்தான் குவிந்தன. நாளைச் சாயங்காலம் கொட்டித் தீர்க்கப் போகிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தெரு நலச்சங்கச் செயலாளர் அனந்தகிருஷ்ணன் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மேடத்தோட மாடல் என்ன சொல்லுது?"

மேடம் என்றால் ஜெயப்ரியா. காட்டாங்குளத்தூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. என்ன ஆராய்ச்சி என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "தண்ணி எங்க போகும்னு கணக்குப் போடறது" என்பாள். "பள்ளத்துக்குப் போகும், இதுக்கு எதுக்கும்மா பிஎச்.டி.?" என்பார்கள். போகும்தான். எந்தப் பள்ளத்துக்கு, எப்போது, எவ்வளவு என்பதில்தான் அவளுடைய இத்தனை வருஷ உயிரும் போயிருந்தது. சதுப்பு நிலத்தையும் அதைச் சுற்றியிருக்கும் தெருக்களையும் அவள் கம்ப்யூட்டருக்குள் அப்படியே கட்டி வைத்திருந்தாள். தெருவுக்குத் தெரு மேடு பள்ளம், வீடுகளின் வாசற்படி உயரம், மழைநீர்க் கால்வாயின் அகலம், சதுப்பிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய்க் கோவளத்தில் கடலைத் தொடும் வழி, எல்லாம் அதில் உண்டு. மழையை உள்ளே ஊற்றினால் திரையில் நீலம் மெதுவாகப் பரவும்.

அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவளுக்கு நேரம் போவதே தெரியாது. அந்த ஊரில் ஆள் கிடையாது, நாய் கிடையாது, ஹாரன் சத்தம் கிடையாது. வெறும் தெருக்களும் தண்ணீரும்தான். மூலையில் இருக்கும் காலிமனை முதலில் நிறையும், பிறகு கால்வாய் வழியும், பிறகு தண்ணீர் யாரையோ தேடி வந்ததுபோல ஒவ்வொரு வாசலாக நின்று நின்று நகரும். பல சமயம் அவள் சாப்பாட்டுக் கையோடு அந்தத் தெருவில் நடப்பதாக நினைத்துக்கொள்வாள். சோறு காய்ந்துபோய்க் கையில் ஒட்டிய பிறகுதான் நினைவு வரும்.

அவளுடைய நிஜத் தெருவில், தரைத்தள வீட்டின் ஹாலில், அம்மா லோகநாயகி கட்டிலில் கிடந்தாள். காய்கறிக் கடை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, உள்ளே பிளேட் வைத்திருந்தார்கள். காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாடி வீட்டில் இருந்த லாசரஸ், பள்ளிக்கூட வாத்தியார், எச்சரிக்கையைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

"ஆன்ட்டி, எங்க ஹால் காலியாத்தான் கிடக்கு. என் ஒய்ஃப் ஜெரூஷாவும் வரச் சொல்லிட்டா. நாலு பேர் பிடிச்சா உங்கள நாற்காலியோட மேல தூக்கிடலாம்."

லோகநாயகியின் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. "நாலு பேரா? நாலு பேர் தூக்கிட்டுப் போறது ஒரே ஒரு தடவைதான் தம்பி. அதுக்கு இன்னும் நாள் கிடக்கு."

அம்மா எதைச் சொல்கிறாள் என்று லாசரஸுக்குப் புரியவில்லை. ஜெயப்ரியாவுக்குத் தெரியும். மூன்று வருஷம் முன்னால் அப்பா இதே ஹாலிலிருந்துதான், இதே வாசல் வழியாகத்தான், நாலு பேர் தோளில் போனார். ஒரே பெண்ணான அவள் ஒரு பக்கம் தோள் கொடுக்க முன்னால் போனபோது, பெரியப்பா முறையில் யாரோ ஒருவர், "பொம்பளைங்க வாசலோட நில்லுங்க" என்று கையைப் பிடித்து நிறுத்தினார். மேளச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா இப்போது படுத்திருக்கும் கட்டில் அந்த வாசலைப் பார்த்துத்தான் கிடந்தது. அம்மாவுக்குப் பிடிவாதம் இல்லை, பயம். வெறும் பயம்.

"சரிம்மா, ஒரு ஒப்பந்தம் போடுவோம்," என்றாள் ஜெயப்ரியா. "மாடல ஓட்டிப் பாக்கறேன். தண்ணி வீட்டுக்குள்ள வராதுன்னா இங்கயே இரு. வரும்னா மேல போகணும். சரியா?"

"சரி. உன் மாடல் பொய் சொல்லாது," என்று அம்மா உடனே ஒப்புக்கொண்டாள். பெற்ற பெண்ணின் கணக்கின்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த மாடல் அதுவரை ஜெயப்ரியாவின் பழைய லேப்டாப்பில்தான் குடியிருந்தது. ஒரு தடவை ஓட்டி முடிக்க ஒரு பகலே ஆகும், அதற்குள் லேப்டாப் தோசைக்கல்லாகச் சூடாகிவிடும். பல்கலைக்கழகத்தில் பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. ஆனால் மாடலுக்கு இடம் மாறினால் ஒத்துக்கொள்ளாது. அந்த மென்பொருளின் பழைய பதிப்பு வேண்டும், இந்தக் கோப்பு இந்த இடத்தில் வேண்டும் என்று புது மருமகன் மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கும். கடைசியில் ஆய்வகத்தின் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் விக்கிதான் அதை ஒரு கண்டெய்னரில் அடைத்துக் கொடுத்தான். சேலையூரில் பிறந்து வளர்ந்த பையன், எதையும் விளக்காமல் விடமாட்டான்.

"கல்யாண சமையல்காரரு இன்னா பண்ணுவாரு அக்கா? மண்டபத்துல அடுப்பு கீதா, அண்டா கீதான்னு பாக்கவே மாட்டாரு. தன் அடுப்பு, தன் அண்டா, உப்பு, புளி, கரண்டின்னு எல்லாத்தையும் வண்டில ஏத்திக்கினு வந்துருவாரு. எந்த மண்டபமா இருந்தாலும் சாம்பார் ஒரே ருசி. கண்டெய்னரும் அதேதான். மாடலுக்கு வேணுங்கறது எல்லாம் உள்ளயே கீது. எந்த மிஷின்ல வச்சாலும் ஓடும்."

ஓடியது. அதுவும் குதிரையாக ஓடியது. ஒரு பகல் பிடித்த வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஜெயப்ரியாவுக்கு அதில் இன்னொன்றும் பிடித்திருந்தது. ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் கண்டெய்னர் புதிதாகப் பிறக்கும். போன தடவை மூழ்கிய தெரு என்று எந்தத் தெருவுக்கும் நினைவிருக்காது, எல்லா வாசலும் காய்ந்து சுத்தமாக நிற்கும். மனுஷர்களுக்கும் இப்படி ஒரு வசதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

அன்று ஓட்டியபோது நீலம் காலிமனையை நிறைத்து, தெருவில் கணுக்கால் அளவு ஏறி, அவர்கள் வீட்டுக் கேட்டோடு நின்றுவிட்டது. குழுவில் எழுதினாள்: "தண்ணீர் தெருவோடு நின்றுவிடும். வீடுகளுக்குள் வராது." நன்றி சொல்லும் பொம்மைகள் ஐம்பது வந்தன. மழை என்றால் மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்தும் பழக்கமுள்ளவர்கள்கூட அந்தத் தடவை வீட்டு வாசலிலேயே விட்டார்கள். லோகநாயகி ராத்திரி இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் கல்லூரிக்கெல்லாம் விடுமுறை விட்டுவிட்டார்கள். காலையிலிருந்து தூறல், சத்தம் போடாத தூறல். வெளிச்சம் காலையா மாலையா என்று சொல்ல முடியாத சாம்பல் நிறத்தில் ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மடியில் லேப்டாப்போடு, புதிதாக வந்த மழைக் கணிப்பைக் கொடுத்து மாடலை இன்னொரு தடவை கிளப்பினாள். பெரிய கம்ப்யூட்டர் காட்டாங்குளத்தூரில் எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் வேலையைத் தொடங்க, இங்கே அவள் மடியில் இருந்த திரையில், அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லும் வரிகள் ஓட ஆரம்பித்தன. மின்விசிறி மெல்லச் சுழன்றது. சதுப்பிலிருந்து நீர்க்கோழி ஒன்று விட்டு விட்டுக் கூவியது. மாத்திரை மயக்கத்தில் அம்மா கண் மூடியிருந்தாள். வெளியே இருந்த தெருவும் திரையில் இருந்த தெருவும் ஒன்றோடொன்று கலந்து, எதில் மழை பெய்கிறது, எதில் தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாத ஒரு மயக்கம் அவளுக்கும் வந்தது. அது சுகமாகத்தான் இருந்தது.

"ஜெயா, மணி என்ன?"

படுத்த படுக்கையான நாளிலிருந்து அம்மா ஓயாமல் கேட்கும் கேள்வி அது. சுவர்க்கடிகாரம் அவள் தலைக்குப் பின்னால் மாட்டியிருந்ததால் அவளால் பார்க்க முடியாது. ஜெயப்ரியா தலையைத் தூக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் ஓடிய வரிகளில் ஒன்றின் தொடக்கத்தில் நேரம் இருந்தது, அதைப் படித்துச் சொன்னாள்.

"ஒன்பதரைம்மா."

"ஒன்பதரையா?" லோகநாயகி கண்ணைத் திறந்தாள். "இப்பதானேடி ரசம் சாதம் ஊட்டின? மாத்திரை எனக்கா, உனக்கா?"

ஜெயப்ரியா சிரித்துக்கொண்டே சுவரைப் பார்த்தாள். மூன்று மணி. திரையைப் பார்த்தாள். காலை ஒன்பதரை. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

கல்யாண சமையல்காரர் அடுப்பையும் அண்டாவையும் மட்டும் கொண்டுவரவில்லை. தன் கடிகாரத்தையும் கொண்டுவந்திருந்தார். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் கண்டெய்னருக்குள் இங்கிலாந்தின் நேரம்தான் ஓடும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். மழைக் கணிப்பில் இது இந்திய நேரம் என்று எழுதியிருந்ததால் அது சரியாக வந்துவிட்டது. கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் அட்டவணையில் அப்படி எதுவும் எழுதவில்லை. எழுதாமல் விட்டது அவள்தான், அவள் லேப்டாப்புக்கு இந்திய நேரத்தைத் தவிர வேறு நேரம் தெரியாது என்பதால். கண்டெய்னர் அந்த அட்டவணையை இங்கிலாந்து நேரமாக எடுத்துக்கொண்டு, கோவளத்துக் கடலை ஐந்தரை மணி நேரம் தாமதமாக ஏற்றியிருந்தது.

கடல் ஏற ஏறக்குறைய ஆறு மணி நேரம், இறங்க இன்னொரு ஆறு. ஆக எல்லாமே தலைகீழ். மாடலில் மழை கொட்டும் சாயங்காலத்தில் கடல் வற்றிப்போய், வருகிற தண்ணீரையெல்லாம் வாங்கிக்கொண்டது. நிஜத்தில் இன்று சாயங்காலம் கடல் ஏறும். அமாவாசைக் கடல், வழக்கத்தைவிட அதிகமாகவே ஏறும். எட்டு மணிக்கு அது முகத்துவாரத்தில் வந்து மறித்துக்கொண்டு நிற்கும்போது சதுப்பின் தண்ணீருக்குப் போக இடம் இருக்காது. பழைய வெள்ளம் ஒன்றைக் கண்டெய்னரில் ஓட்டி, லேப்டாப் சொன்னதையே சொல்கிறதா என்று பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வேகத்தைக் கண்ட மயக்கத்தில் அதைச் செய்யவில்லை.

கண்டெய்னருக்கு இந்திய நேரத்தைச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்து, மறுபடி கிளப்பினாள். அந்த ஒரு மணி நேரம் நகர்வேனா என்றது.

நீலம் வந்தது. காலிமனை, கால்வாய், தெரு, கேட். இந்தத் தடவை கேட்டில் நிற்கவில்லை. படியேறி, வராந்தாவைத் தாண்டி, ஹாலுக்குள் வந்தது. திரையில் ஹால் ஒரு சின்னச் சதுரம். அந்தச் சதுரம் வெளிர் நீலமாகி, பிறகு கருநீலமானது. முழங்கால் உயரம். கட்டிலின் உயரமும் அதுதான். அந்தச் சதுரத்துக்குள் படுத்துக்கொண்டுதான் அம்மா நேற்றைய சீரியலில் நாத்தனார் செய்த அட்டூழியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விக்கிக்குப் போன் போட்டாள்.

"என் மிஷின்ல கரீட்டாதானே ஓடிச்சு அக்கா?" என்றவன், அவள் விஷயத்தைச் சொன்னதும் கீபோர்டைத் தட்டிப் பார்த்தான். "அய்யோ. டைம் செட் பண்ணவே இல்ல அக்கா. தப்பு என்னுது."

"அட்டவணைல எழுதாம விட்டது நான். அதப் பத்தி அப்புறம் பேசலாம் விக்கி. அம்மாவத் தூக்கணும்."

"வந்துகினே கீறேன்."

குழுவில் எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. விரல் மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தது. எப்படி எழுதினாலும் அவமானம் அவமானம்தான் என்று தோன்றியபோது நேராகவே எழுதிவிட்டாள். "நேற்று நான் சொன்னது தவறு. மாடலில் கடலின் நேரம் தப்பாக இருந்தது. இன்று இரவு தண்ணீர் வீடுகளுக்குள் முழங்கால் வரை வரும். எட்டு மணிக்கு முன்னால் மேலே போய்விடுங்கள். மன்னித்துவிடுங்கள்." யாரோ ஒருவர், "மேடம், வெளையாடறீங்களா?" என்று கேட்டார். பொம்மை ஒன்றும் வரவில்லை. ஆனால் தெருவில் கார்கள் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு மேம்பாலத்துப் பக்கம் கிளம்பின. மழை வலுத்திருந்தது.

அம்மாவிடம் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. "அந்தக் கண்டெய்னர்ல இங்கிலாந்து நேரமா ஓடுச்சு?" என்று யோசித்துக் கேட்டாள். "இங்கிலாந்து நேரத்துக்கு நம்ம ஊர்க் கடல் ஏண்டி ஏறணும்?"

"ஏறாதும்மா. அதான் தப்பாப் போச்சு. மேல போகணும்."

லோகநாயகி வாசலைப் பார்த்தாள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று அவளுக்கும் தெரியும்.

விக்கி மேடவாக்கம் வழியாகத் தண்ணீரில் பைக்கைத் தள்ளிக்கொண்டு, தலைமுதல் கால்வரை சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தான். லாசரஸ் இறங்கி வந்தார். தெருமுனையில் ஆட்டோ ஓட்டும் கோபுவைக் கூப்பிட்டார்கள். நாலாவது ஆளாக, குடையோடும் நேற்று ஏமாந்த முகத்தோடும் அனந்தகிருஷ்ணனே வந்தார். மாடிப்படி வீட்டுக்கு வெளியே இருந்ததால் அந்த வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். கை வைத்த மர நாற்காலியில் அம்மாவை மெல்ல ஏற்றி உட்காரவைத்தார்கள். அவள் வலியில் பல்லைக் கடித்தாளே தவிரக் கத்தவில்லை. நாலு பேரும் நாலு மூலைக்குப் போய்க் குனிந்தார்கள்.

அப்போதுதான் அவள் உடைந்தாள். இரண்டு பக்கமும் குனிந்த தலைகளைப் பார்த்தாள், எதிரே திறந்திருந்த வாசலைப் பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "வேணாம் ஜெயா. உங்க அப்பாவ இப்படித்தான் தூக்கினாங்க. தண்ணி வந்தா வரட்டும், என்ன இங்கயே விட்டுரு."

"இன்னாம்மா நீ, மாடிக்குத்தானே போற," என்று கோபு சொல்லிப் பார்த்தான். அவள் காதில் விழவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. லாசரஸ் நிமிர்ந்து ஜெயப்ரியாவைப் பார்த்தார்.

ஜெயப்ரியா புடவை முந்தானையை இடுப்பில் செருகினாள். "சார், நீங்க நகருங்க. முன்னாடி டார்ச் பிடிச்சிட்டுப் போங்க," என்றாள்.

அனந்தகிருஷ்ணனுக்கு முதுகுவலி உண்டு. அவருக்கு நிம்மதியும் கௌரவக் குறைச்சலும் ஒரே நேரத்தில் வந்தன. நகர்ந்தார். அந்த மூலையில் அவள் குனிந்து நாற்காலிக் காலைப் பிடித்தாள்.

"அம்மா, கண்ணத் திற. யார் பிடிச்சிருக்கான்னு பாரு."

லோகநாயகி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "நீயா?"

"நான்தான். பொம்பள பிடிச்ச பாடைய எங்கயாவது பாத்திருக்கியா நீ?"

அந்த வார்த்தையைக் கேட்டு லாசரஸ் பதறிப்போனார். விக்கி தரையைப் பார்த்தான். லோகநாயகி மட்டும் பெண்ணின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். மூன்று வருஷம் முன்னால் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே முகம். அது அவளுக்கும் நினைவிருந்தது.

"இல்லையே," என்றாள். அந்த ஒரு சொல் மெல்லச் சிரிப்பாக மாறியது. "பாத்ததே இல்லையே."

"அப்ப இது வெறும் நாற்காலி. போலாமா?"

"போலாம்டி. கீழ மட்டும் போட்டுடாத."

தூக்கினார்கள். ஜெயப்ரியா நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. வாசலைத் தாண்டும்போது அம்மாவின் கை அவள் தலைமேல் வந்து உட்கார்ந்துகொண்டது. படிகளில் தண்ணீர் அருவியாக இறங்கிக்கொண்டிருக்க, ஒரு படி ஏறி, நின்று, மூச்சு வாங்கி, இன்னொரு படி ஏறினார்கள். நாற்காலியின் விளிம்பு தோளில் அழுந்தியது. அப்பாவுக்குக் கொடுக்கவிடாமல் தடுத்த தோள் அது. அவள் அழுதாள். மற்றவர்கள் மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டார்கள், அவளும் அப்படியே நினைக்கவிட்டாள்.

மேலே ஜெரூஷா காபியோடு காத்திருந்தாள். அம்மாவை லாசரஸ் வீட்டு ஹாலில் படுக்கவைத்துவிட்டு ஜெயப்ரியா பால்கனிக்கு வந்து நின்றாள். மழை இரைந்தது. காலிமனை நிறைந்தது. கால்வாய் வழிந்தது. தண்ணீர் ஒவ்வொரு வாசலாக நின்று நின்று வந்தது. எது எதற்குப் பிறகு என்று அவளுக்கு எல்லாம் முன்னாலேயே தெரிந்திருந்தது, கனவில் ஒரு தடவை நடந்த தெருவில் மறுபடி நடப்பதுபோல. ஆனால் இந்தத் தெருவில் ஆட்கள் இருந்தார்கள். கோபுவும் விக்கியும் ஆட்டோவை மேட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள், மதில்மேல் ஒரு நாய் ஏறி நின்றது, எதிர் மாடியிலிருந்து அனந்தகிருஷ்ணன் யாரையோ டார்ச் அடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கீழே அவர்கள் வீட்டுப் படியைத் தண்ணீர் தாண்டி, திறந்து கிடந்த வாசல் வழியாக உள்ளே போயிற்று.

"ஜெயா, மணி என்ன?"

லாசரஸ் வீட்டுக் கடிகாரம் அம்மாவின் கண்ணுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தது. அவளே பார்த்துக்கொள்ளலாம். இருந்தும் கேட்டாள்.

ஜெயப்ரியா உள்ளே வந்து கடிகாரத்தை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "எட்டும்மா."

"நம்ம ஊர் எட்டுதானே?"

"நம்ம ஊர் எட்டுதான்."

"அப்ப சரி," என்று லோகநாயகி கண்ணை மூடிக்கொண்டாள். மகளின் கையை மட்டும் விடவில்லை.